திரும்பிப் போன கவர் லோடு

எல்லாரும் எப்படி இருக்கீங்க? முட்டி வலியெல்லாம் தேவலையா? நான் ஜஹபர் நிஷா. தட்டாஞ்சாவடியில ஊதுபத்திக் கம்பெனி வச்சிருக்கேன்.

போன வாரம் பெரிய வாய்க்கால் பக்கம் போனேன். நம்ம கம்பெனி பேரு போட்ட பிளாஸ்டிக் கவர்தாம்மா மெதக்குது! மானமே போச்சு. இனிமே அட்டை டப்பாதான்னு எல்லாருக்கும் சொல்லிட்டேன்.

மறுநாளும் கவர் லோடு வந்து நிக்குது.

"திருப்பி அனுப்பு"ன்னேன்.

மேனேஜர் ஜாகிருக்கு வேர்த்துக் கொட்டுது. "பெரியவரு சரக்கும்மா. நான் எப்படி..."

நானே செல்லுல கூப்பிட்டேன்.

"உன் ஒரு ஆர்டர நம்பித்தான கவர் மிஷின் ஓட்டுறேன்?"ன்னு கத்துறாரு.

"அதத் தள்ளிட்டு டப்பா மிஷின் போடுங்க. மொத ஆர்டர் என்னுது."

"முடியாது! இனிமே உன் மூஞ்சியில முழிக்கவே மாட்டேன்!"

"முழிக்காதீங்க. கவர் உள்ள வராது."

லோடு திரும்பிப் போயிடுச்சு.

மறுநாள் காலையில டீயோட போய் எழுப்புறேன். கண்ண இறுக்க மூடிக்கிட்டே கிளாஸுக்குக் கைய நீட்டுறாரு, என் வூட்டுக்காரரு.

"டப்பா மிஷின் எங்க கெடைக்குமாம்?"

"கண்ணத் தொறங்க, சொல்றேன்"னேன்.

உங்க வூட்லயும் இப்படிச் சண்ட நடந்திருக்கா? எனக்கு எழுதுங்கம்மா.