சோப்பின் சந்தேகம்

ஆஸ்பத்திரி வார்டில் ஒவ்வொருவராக வயிற்றுப்போக்கில் விழுந்ததிலிருந்து, வாஷ்பேசின் மேலிருந்த சோப்புக்கு எல்லார் மேலும் சந்தேகம். சாம்பார் வாளியை முறைக்கும். கட்டிலடிப் பெட்பேனைக் கண்டாலே முகம் சுளிக்கும்.

புதிதாக வந்த பரிசோதனை மெஷின் நாட்கணக்கில் இழுக்காமல் ஒரு மணி நேரத்திலேயே சொல்லிவிட்டது: "மூணு கட்டில்லயும் ஒரே கிருமி. ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்குப் போயிருக்கு."

"நான் அப்பவே சொன்னேனே, இந்தப் பெட்பேன்தான்!" என்று சோப்பு குதித்தது.

"என்னைத் தினமும் கொதிநீர்ல போட்டு எடுக்கிறாங்கக்கா," என்றது பெட்பேன். "நீங்க வந்து எத்தனை நாளாச்சு? உங்க மேல இருக்கிற எழுத்து இன்னும் தேயவே இல்லையே!"

சோப்பு முதன்முறையாகத் தன்னையே பார்த்துக்கொண்டது. மூன்றாவது கட்டில்காரரைத் தொட்டுப் பார்த்து முடித்த டாக்டர், கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு, கால் ஒடிந்து படுத்திருந்த நாலாவது கட்டில்காரரிடம் போனார்.