முப்பத்தொன்பது கிலோமீட்டர்

சாவியைத் திருப்பினான். பானட்டுக்குள்ளிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். டை கட்டியாகிவிட்டது, லேப்டாப் பை பின்சீட்டில் ஏறிவிட்டது, மணி எட்டு ஐந்து.

"ஒன்பது மணிக்கு மீட்டிங். இன்னைக்குன்னு பார்த்து காலை வாருது, சனியன்" என்று ஸ்டியரிங்கைக் குத்தினான்.

அவன் மனைவி பானட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரியில் வைத்துப் பார்த்தாள்.

"பதினொண்ணு புள்ளி ஏழு வோல்ட். பன்னிரண்டரை இருக்கணும். புது பேட்டரி போட்டுப் பதினோரு நாள்தானே ஆகுது?"

"நீ எதுக்குக் கையை அழுக்காக்கிக்கிற? மெக்கானிக் பார்த்துக்குவான். உனக்கு டிராவல்ஸ் வேலைக்கு நேரமாகலையா?"

"இன்னைக்கு லேட்டாப் போனாப் போதும். வண்டியோட கொடுத்த புத்தகத்தை முழுசாப் படிச்சாச்சு, இருநூத்தி எண்பது பக்கம். கோளாறை நானே பிடிச்சுக் காட்டறேன், பாருங்க."

 மீட்டிங் என்று எதுவும் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் அவனை வீட்டுக்கு அனுப்பி இரண்டு மாதம் ஆகிறது.

தினமும் எட்டு மணிக்குக் கிளம்பி, இரண்டு கிலோமீட்டர் தள்ளி, விளையாட்டு மைதானத்தின் பின்பக்க மரநிழலில் காரை நிறுத்துவான். இன்ஜினை அணைத்துவிட்டு, லேப்டாப்பை சார்ஜில் போட்டு, ரேடியோவை முணுமுணுக்க விட்டு, மாலைவரை வேலைக்கு விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருப்பான்.

பழைய பேட்டரி அப்படித்தான் செத்தது. ஒரு வேலை கிடைத்துவிட்டால் எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்றிருந்தான். அதற்குள் இவள் மீட்டரும் கையுமாக வந்து நிற்கிறாள்.

அவள் கூப்பிட்டதும், எதிர்வீட்டுப் பல் டாக்டர் தன் காரை மூக்கோடு மூக்காகக் கொண்டுவந்து நிறுத்தி, இரண்டு பேட்டரிக்கும் நடுவே கேபிளை மாட்டினார்.

"வலிக்கிற பல்லு ஒண்ணு, நீங்க போன வாரம் பிடுங்கிப் போட்டது வேற ஒண்ணு போலிருக்கே சார்" என்று சிரித்தார். வண்டி உறுமியதும் கேபிளைச் சுருட்டிக்கொண்டு கிளினிக்குக்குக் கிளம்பிவிட்டார்.

"அதான் ஓடுதில்ல? வரட்டுமா?" என்று அவன் கியரில் கை வைத்தான்.

"இறங்குங்க. சார்ஜ் ஏறுதான்னு பார்க்காம எங்க ஓடறீங்க? நடுரோட்டுல நின்னா தள்ளறதுக்கு நான் வரமாட்டேன்."

மறுபடி மீட்டரை வைத்தாள். பதினான்கு புள்ளி இரண்டு. ஹெட்லைட்டையும் ஏசியையும் போடச் சொல்லிப் பார்த்தாள். அப்போதும் பதின்மூன்று புள்ளி ஒன்பதுக்குக் கீழே இறங்கவில்லை.

"எனக்கென்னவோ சார்ஜ் ஏத்தற டைனமோ மேலதான் சந்தேகம்" என்றான்.

"அந்த டைனமோ உங்களைவிட ஒழுங்கா வேலை பார்க்குது."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அவன் டையைத் தளர்த்திக்கொண்டான்.

"இப்ப அணைச்சுடுங்க. எங்கேயாவது கரன்ட் ஒழுகுதான்னு பார்க்கணும். கதவையெல்லாம் சாத்திட்டுக் கால் மணி நேரம் யாரும் தொடக்கூடாது. ஆபீசுக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லிடுங்க."

வேறு வழியில்லை. போனைக் காதில் வைத்து, மறுமுனையில் இல்லாத ஒருவரிடம், "சார், வண்டி மக்கர் பண்ணுது சார்... ஆமா சார்... தேங்க்ஸ் சார்" என்று குழைந்தான். பிறகு கேட்டைத் திறந்தான், சாத்தினான். செடித்தொட்டியை அரையடி நகர்த்திவிட்டுத் திரும்பப் பழைய இடத்திலேயே வைத்தான்.

அவள் பேட்டரியின் ஒரு வயரைக் கழற்றி, நடுவில் மீட்டரைக் கோர்த்திருந்தாள்.

"புள்ளி பூஜ்யம் மூணு ஆம்பியர். கடிகாரத்துக்கும் அலாரத்துக்குமே அது சரியாப் போயிடும். ஒழுகல் கிடையாது. டைனமோ நல்லா இருக்கு, பேட்டரி புதுசு. அப்புறம் எப்படிங்க செத்துச்சு?"

"அதான் சொன்னேனே, மெக்கானிக்..."

அவள் காதில் வாங்கவில்லை. வயரைத் திரும்ப மாட்டினாள். டேஷ்போர்டுக்குள்ளிருந்து பேட்டரியின் வாரன்டி கார்டை எடுத்தாள். பொருத்திய அன்று வண்டி ஓடியிருந்த தூரத்தைக் கடைக்காரர் அதில் எழுதியிருந்தார். சாவியைத் திருப்பி, மீட்டர் பலகையில் இன்றைய எண்ணைப் பார்த்தாள். மறுபடி கார்டைப் பார்த்தாள்.

"முப்பத்தொன்பது கிலோமீட்டர்" என்றாள், குரல் இறங்கி. "பதினோரு நாளைக்கு முப்பத்தொன்பது. உங்க ஆபீசுக்கு ஒரு தடவை போகவே பதினெட்டு ஆகுமே?"

சூடான இன்ஜின் எங்கோ உள்ளே சொடக்குப் போட்டது. அவன் டையைக் கழற்றிச் சுருட்டிச் சட்டைப்பையில் திணித்தான்.

"ஆபீஸ் இல்லம்மா. ரெண்டு மாசமாச்சு. மைதானத்துக்குப் பின்னாடி நிறுத்திட்டு, வண்டிக்குள்ளயே உட்கார்ந்து கிடக்கேன். சொல்ல வாய் வரல. திட்டணும்னா திட்டிடு."

அவள் பழந்துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டாள். அவனை ஸ்டியரிங் முன்னால் உட்காரச் சொல்லிவிட்டு, சுற்றி வந்து பக்கத்து இருக்கையில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டாள். இருவரும் எதிரே தூக்கி நின்ற பானட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாளையிலேருந்து என்னையும் ஏத்திக்கிட்டுப் போங்க" என்றாள். "பத்து மணி ஆனதும் லைப்ரரியில இறக்கி விட்டுடுங்க. அதுக்கு முன்னாடி திறக்க மாட்டேங்கறாங்க, வாசல்ல நின்னு நின்னு கால் கடுக்குது."

"லைப்ரரியா? எட்டரைக்கு உனக்கு டிராவல்ஸ் இருக்கே!"

"அதை மூடி மூணு வாரமாச்சுங்க."