பக்கக் கிளை

"செடி எப்படிம்மா இருக்கு?"

ஆஸ்பத்திரியிலிருந்து மாமனார் போனில் கேட்டார். இதய ஆபரேஷன் முடிந்து பேசத் தெம்பு வந்ததும் முதல் கேள்வியே அதுதான்.

"ஜம்முனு இருக்கு மாமா. உடம்பெல்லாம் மொட்டு," என்றாள் மருமகள்.

செடி அப்போது குப்பைத்தொட்டியில் கிடந்தது.

இப்படி வாய் கூசாமல் பொய் சொல்கிறாளே என்று தோன்றும். அவளுக்கும் கூசத்தான் செய்தது. போனை வைத்துவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள்.

அது மாமியார் வைத்த செம்பருத்தி. கேட்டுக்கும் ஜன்னலுக்கும் நடுவே கையகல மண்தான் இருந்தது. அதனால் பக்கவாட்டில் படராமல், தூண் மாதிரி நெட்டுக்குத்தாக வளரும் ரகமாகத் தேடிப் பிடித்து வைத்திருந்தார். ஊதாப் பூ. மாமியார் காலமான பிறகு மாமனார் அதை வேறு யாரையும் தொட விடுவதில்லை.

"அம்மா செடியப் பத்திரமாப் பாத்துக்கோ. அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அப்பா தாங்க மாட்டாரு," என்று சொல்லிவிட்டுத்தான் கணவன் ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனான். சொன்னவன் அதற்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றியதில்லை என்பது வேறு விஷயம்.

அவள் ஊற்றினாள். காலையிலும் ஊற்றினாள், மாலையிலும் ஊற்றினாள். இலை மஞ்சளானது. பயந்துபோய் இன்னும் ஊற்றினாள். வேர் அழுகிச் செடி சாய்ந்துவிட்டது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமே நஞ்சு, குழாய்த் தண்ணீர் எம்மாத்திரம்?

நர்சரியில் அதே உயரம், அதே ஊதா கிடைத்தது.

"இது நேரா மேல வளர்ற ரகம்தானே?"

"நீங்களே பாருங்கம்மா, எப்படி விறைப்பா நிக்குது!" என்றார் நர்சரிக்காரர்.

நின்றது. சுற்றிலும் கயிறு போட்டு இறுக்கியிருந்தார்கள்.

மாமனார் வீடு திரும்பினார். உள்ளே கூட வராமல் செடி முன்னால் நெடுநேரம் நின்றார். ஜன்னலுக்குப் பின்னால் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"நீ நல்லாப் பாத்துக்கிட்டேம்மா," என்றார்.

நலம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம், "என் வீட்டுக்காரி வெச்சது. மருமக கண்ணுக்குக் கண்ணாப் பாத்துக்கிட்டா," என்று பெருமைப்பட்டுக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

கயிற்றை அவிழ்த்து நட்ட கொஞ்ச நாளில் குட்டு வெளிப்பட ஆரம்பித்தது. செடி இடது பக்கம் ஒரு கையை நீட்டியது. பிறகு வலது பக்கம். தூணாவது மண்ணாங்கட்டியாவது! அது சாதாரணப் புதர்ச் செம்பருத்தி.

வீட்டில் யாரும் எழுந்திருக்கும் முன் அவள் சமையலறைக் கத்தரிக்கோலோடு வாசலுக்குப் போவாள். பக்கத்தில் எட்டிப் பார்த்த கிளையையெல்லாம் வெட்டி, காய்கறித் தோலுக்கு அடியில் புதைத்துவிடுவாள். பெரியவருக்குத் தெரிந்தால், தைத்த நெஞ்சு என்ன ஆகுமோ என்ற பயம் அவளைத் தின்றது.

போகப் போகக் கிளை விடுவது குறைந்தது. சில நாள் வெட்டுவதற்கு ஒன்றுமே இருக்காது. செடிக்கே என் மேல் இரக்கம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். கொஞ்சம் அசந்து தூங்கவும் ஆரம்பித்தாள்.

அன்று விடிகாலையில் வாசலில் ஏதோ சத்தம். எழுந்து போய்ப் பார்த்தாள்.

மாமனார் ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க நின்றிருந்தார். இன்னொரு கையில் கத்தரிக்கோல். வெட்டிய கிளைகளைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டிருந்தார்.

"மாமா!"

திருடன் மாதிரித் திடுக்கிட்டார்.

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "எப்பலேருந்து தெரியும் மாமா?" என்றாள்.

"வீட்டுக்கு வந்த அன்னிக்கே. அவ வெச்ச செடி எனக்குத் தெரியாதா?"

"மன்னிச்சிடுங்க மாமா. உங்களால தாங்க முடியாதுன்னுதான் மறைச்சேன்..." அவள் வாய்விட்டு அழுதாள்.

"ஸ்ஸ்... சத்தம் போடாதே." அவர் படுக்கையறைப் பக்கம் கவலையோடு திரும்பிப் பார்த்துவிட்டு, கத்தரிக்கோலை அவள் கையில் கொடுத்தார். "கீழ இன்னொரு கிளை இருக்கு. என்னால குனிய முடியல. சீக்கிரம் வெட்டிடு. உன் புருஷன் பாத்தான்னா, ஆயுசு பூரா உனக்குச் சொல்லிக் காட்டுவாம்மா!"