அத்திப்பழத்தைக் காட்டுகிறவன்

"சைகோஃபன்ட். கிரேக்கத்துல 'சூகோன்'னா அத்திப்பழம். 'ஃபைனோ'ன்னா காட்டறது. ஆக, அத்திப்பழத்தைக் காட்டறவன்!"

மணிமேகலை போர்டில் எழுதி முடிக்கவும், மாரண்டஹள்ளி மாலைநேர ஆங்கில வகுப்பின் கதவைத் தள்ளிக்கொண்டு பெரியண்ணன் நுழையவும் சரியாக இருந்தது. பின்னால் அவர் மனைவியின் தம்பி நவநீதன். காலையில் நின்றுபோன கல்யாணத்தின் மாப்பிள்ளை. பட்டு வேட்டியைக்கூட மாற்றவில்லை.

"டீச்சர், எம் பொண்ணு கலைமதி இங்கதானே படிச்சிட்டிருந்தா? அவளுக்குப் பதினெட்டு ஆகலைன்னு ஆபீசருங்களுக்கு போன் போட்டது யாரு?" பெரியண்ணன் கத்தினார்.

"போர்டுல என்ன அது?" என்றான் நவநீதன்.

"ஒரு வார்த்தைங்க. இன்னிக்கு அதுக்கு ஜால்ரா போடறவன்னு அர்த்தம். கிரேக்கத்துல, காட்டிக்கொடுக்கறவன். அந்தக் காலத்துல ஏதென்ஸ்ல அத்திப்பழம் கடத்தினவங்களை மாட்டிவிட்டவனுக்கு அந்தப் பேர் வந்துச்சுன்னு ஒரு கதை. நிஜமான்னு உறுதியா யாருக்கும் தெரியாது."

"கதை பொய்யா இருக்கட்டும். ஆளு நிஜம். இங்கதான் உக்காந்திருக்கு. அக்கா வூட்டுப் பொண்ணு எனக்குத்தான்னு அவ பொறந்த அன்னிக்கே பேசி வச்சது. எவனோ, எவளோ, கெடுத்துட்டு ஊர்ல நிம்மதியா இருந்துருவாங்களா? என்ன மாமா?"

"உடுவனா மாப்ள? ஆளு கெடைக்கட்டும், தோலை உரிச்சிர்றேன்!"

நவநீதனின் பார்வை பெஞ்சு பெஞ்சாக நகர்ந்து, கலைமதியின் தோழி ராதிகாவிடம் நின்றது. அவள் நோட்டுக்குள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான்தாங்க போன் பண்ணினேன்" என்றாள் மணிமேகலை.

நவநீதன் திரும்பி அவளையே பார்த்தான்.

"இனிமே இந்த ஊர்ல நீங்க எப்படி வகுப்பு நடத்தறீங்கன்னு பாக்கறேன் டீச்சர். வாங்க மாமா."

தடதடவெனப் படியிறங்கினான்.

பெரியண்ணன் போகவில்லை. மேசையருகே வந்து, தணிந்த குரலில் கேட்டார்.

"எதுக்கு டீச்சர் பொய் சொன்னீங்க?"

"பொய்யின்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

கீழே நவநீதன் பைக் ஹாரனை அழுத்தினான். பெரியண்ணன் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"யாரு பேசறதுன்னு போன்ல கேட்டாங்க. பொண்ணோட அப்பான்னு சொன்னேங்க."