அரையடி உயரம்

“ஆணிதானே? எத்தனை வேணும்னாலும் அடிச்சுக்கோ. நீயும் எனக்குப் பொண்ணு மாதிரிதானே!” என்றாள் ருக்மணி.

ரஞ்சிதாவுக்குத் தலை சுற்றியது. வீட்டுக்காரம்மா வாயிலிருந்து இப்படியொரு வரம் வந்தால் யாருக்குத்தான் சுற்றாது? ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் இந்த வீட்டுக்குக் குடிவந்து மூன்று வருஷம் ஆகிறது, முருகன் காலண்டர் இன்னும் ஜன்னல் கம்பியில்தான் தொங்குகிறது. அன்று ஒரே ஒரு ஆணிக்குக் கெஞ்சியபோது, “சுவரு பாழாயிடும்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவள் இதே ருக்மணிதான்.

மளிகைச் சாமான் எல்லாம் தரையில்தான் கிடந்தது. போன மாதம் துவரம்பருப்புப் பையை எலி கடித்துவிட்டது, அரிசி மூட்டையில் எறும்பு. சமையலறைக்கு ஒரு நல்ல அலமாரி வேண்டும் என்பது ரஞ்சிதாவின் மூன்று வருஷ ஏக்கம். அதற்காகவே தீபாவளிக்குச் சொந்த ஊரான சங்கரன்கோவிலுக்குப் போகாமல், கணவன் சுபாஷின் ஃபேக்டரி போனஸை அப்படியே எடுத்து வைத்திருந்தாள்.

“இந்தம்மா திடீர்னு இப்படிக் குழையுதே. எனக்கென்னமோ சரியாப் படல,” என்றான் சுபாஷ்.

“தானமாக் கெடச்ச மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்காதிய!”

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவளே படம் போட்டாள். கீழே அரிசி டின், நடுவில் பருப்பு வகைகள், மேல்தட்டில் வத்தலும் கருப்பட்டியும். வெங்காயத்துக்குக் கம்பிக்கூடை.

ஆசாரி கங்கப்பன் டேப்போடு அளவெடுக்க வந்த அன்று, ருக்மணியும் மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டாள்.

“மேல்தட்ட இன்னும் அரையடி தூக்குப்பா.”

“எனக்கு எட்டாதேக்கா!” ரஞ்சிதா எக்கிக் காட்டினாள்.

“ஒரு ஸ்டூலு போட்டுக்கோம்மா. உசரமா இருந்தாத்தான் கீழ மிக்சி, கிரைண்டர் எல்லாம் வைக்க முடியும். நான் சொன்னாக் கேளு.”

ஆணியடிக்க விட்டவளிடம் எதற்கு வம்பு என்று, ரஞ்சிதா அரையடி ஏற்றவே சொல்லிவிட்டாள். நாலு நாள் வேலை பார்த்த கங்கப்பன், “ஆய்த்தக்கா” என்று கன்னடத்தில் முடித்துவிட்டுக் கிளம்பினான்.

அன்று ரஞ்சிதா டப்பாக்களைத் துடைத்து, பெயரெழுதி ஒட்டி, ஒவ்வொன்றாக அடுக்கினாள். அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டினாள். கண்ணு பட்டுடும், மிளகாய் சுத்திப் போடு என்றாள் அம்மா. அதையும் செய்தாள். சந்தோஷத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில், ஜிகணியில் கட்டிக்கொடுத்த மகள் பிரியாவைக் கூட்டிக்கொண்டு ருக்மணி வந்தாள்.

“உன் அலமாரிய இவ பாக்கணுமாம்.”

ரஞ்சிதாவுக்குப் பெருமை தாங்கவில்லை. டீ வைத்தாள். ஏலக்காய் மேல்தட்டில் இருந்தது, ஸ்டூலை இழுக்கப் போனாள்.

“இருங்க, நான் எடுக்கறேன்.” பிரியா நல்ல உயரம். நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டி டப்பாவை எடுத்துவிட்டாள்.

“எட்டுதா கண்ணு?”

“கரெக்டா எட்டுதும்மா.”

ருக்மணி திருப்தியாகத் தலையாட்டினாள். ரஞ்சிதா கொடுத்த டீயை வாங்கி ஒரு வாய் குடித்தாள்.

“எங்க மாப்பிள்ளைக்கு ஓசூருக்கே வேலை மாத்தலாயிடுச்சும்மா. ஒன்னாந்தேதி பிரியா இங்க குடி வர்றா. நீ வேற வீடு பாத்துக்கோ.”

ரஞ்சிதாவின் கண் அலமாரிப் பக்கம் போனது. ருக்மணி அதைக் கவனித்துவிட்டாள்.

“போறப்ப ஆணி எதையும் புடுங்கிடாதே. சுவரு பாழாயிடும்.”