கரையான் தின்ற சாஃப்ட்வேர்

“இதெல்லாம் ஒரு ஐடியாவா? நான் அரைக்கால் சட்டை போட்ட காலத்துலயே முடிச்சு வெச்சது!” என்று கையை உதறினார் கணக்கு வாத்தியார்.

கம்ப்யூட்டர் மன்றத்துப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தொலைந்த குடையைத் தேடித் தரும் ஆப், முகத்தைப் பார்த்து வருகை போடும் சாஃப்ட்வேர், எல்லாமே அவருக்குப் பழசாம்.

மாதக் கடைசியில் பள்ளி முதல்வர் பார்வையிட வருகிறார். காட்ட ஒன்றும் இல்லையென்றால் மன்றத்துக்கு மூடுவிழா. அறைக்கு உடைந்த பெஞ்சுகள் குடிவரும்.

உண்மையில், பிள்ளைகள் சொன்னதில் ஒன்றுமே வாத்தியாருக்குப் புரியவில்லை. வேறு ஆள் கிடைக்காமல் மன்றத்தை அவர் தலையில் கட்டியிருந்தார்கள். புரியாததைப் பழசு என்று தள்ளிவிட்டால் எவனும் குறுக்குக் கேள்வி கேட்கமாட்டான் என்பது அவர் கண்ட அனுபவப் பாடம்.

ஆனால் மன்றச் செயலாளர் கேட்பாள். அவளுக்குப் பட்டப்பெயரே ‘கேள்விக்குறி’.

“அப்ப நீங்க புதுசா என்ன சார் செஞ்சீங்க?”

பேசாமல் இருந்திருக்கலாம். நாக்கில் சனி.

“நானா? காலடிச் சத்தத்தை வெச்சே வர்றது யாருன்னு சொல்ற சாஃப்ட்வேர்! அப்ப கம்ப்யூட்டர் பீரோ சைஸ். வெளியில செருப்புச் சத்தம் கேட்டா போதும், ‘மேனேஜர் வர்றார், சீட்டுக்கட்டை ஒளிச்சு வை’ன்னு ஸ்கிரீன்ல எழுத்து ஓடும்!”

பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள்.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்காக அவர் செய்த ஒரே காரியம், அது இருந்த ஏ.சி. அறையின் வாசலில் செருப்பைக் கழற்றியதுதான். கழற்றியும் உள்ளே விடவில்லை.

மறுநாள் அவர் நுழைந்ததுமே கேள்விக்குறி எழுந்தாள்.

“சார், நாங்க அதையே செய்யப்போறோம். எங்க அத்தைக்குக் கண்ணு தெரியாது. வாசல்ல வந்து நிக்கிறது யாருன்னு தெரியாம பயந்துக்குவாங்க. உங்க பழைய ப்ரோகிராமைக் கொஞ்சம் காட்டுங்களேன்.”

“அது... கரையான் தின்னுடுச்சும்மா.”

“சாஃப்ட்வேரையா சார்?”

“அந்தக் காலத்துக் கரையான்! இரும்பையே தின்னும்.”

“சரி, எந்த மொழியில எழுதினீங்க?”

“மொழியெல்லாம் உங்களுக்குத்தான். நாங்க கம்ப்யூட்டர்கிட்ட நேராவே பேசிடுவோம்.”

கடைசி வரிசையில் ஒருவன் இருமினான். பக்கத்திலிருந்தவன் அவன் தொடையைக் கிள்ளினான்.

அப்புறம் வராந்தாவில் மைக் முளைத்தது. முதல்வர் உட்பட, போகிறவர் வருகிறவர் காலடியையெல்லாம் கம்ப்யூட்டருக்குப் பழக்கினார்கள். வாத்தியாரையும் விடவில்லை. “இன்னொரு தடவை நடங்க சார், சத்தம் சரியாப் பதியல.” தான் சொன்ன பொய்க்குத் தானே நடந்து கொடுத்தார் மனுஷன்.

அந்த நாளும் வந்தது. வராந்தாவில் டக் டக்கென்று சத்தம். திரையில் எழுத்து ஓடியது: ‘முதல்வர் வருகிறார்.’

கதவு திறந்தது. முதல்வரேதான்.

நம்பாமல் வெளியே போய் நொண்டிக்கொண்டு வந்தார். ‘முதல்வர்’ என்றது திரை. நுனிக்காலில் பூனைபோல் வந்தார். ‘முதல்வராகத்தான் இருக்கும்’ என்றது.

“பிரமாதம்! யாரோட ஐடியா?”

அத்தனை விரலும் வாத்தியாரைக் காட்டின. “சாரோடது!”

“சார் அந்தக் காலத்துலயே செஞ்சதாம்” என்றான் இருமல்காரன்.

“அப்படியா! ஆண்டுமலர்ல உங்க போட்டோவோட போட்டுடுவோம். எந்த வருஷம் செஞ்சீங்க?”

வாத்தியார் வாயைத் திறந்தார். கைவசம் ஒரு வருஷம் தயாராகவே இருந்தது. அந்த நேரம் பார்த்து மூலையில் கேள்விக்குறி கைபேசியில் கிசுகிசுத்தாள்: “அத்தை, வேலை செய்யுது அத்தை! இனிமே நீங்க பயப்பட வேண்டாம்.”

அந்த வருஷத்தை அப்படியே விழுங்கிவிட்டார்.

“பொய் சார்” என்றார் வாத்தியார். “நான் ஒண்ணும் செய்யல. எனக்கு ஒண்ணும் தெரியவும் தெரியாது. கரையான்கூட பொய்.”

உடைந்த பெஞ்சுகள் வரிசையாக உள்ளே வருவது அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

முதல்வரின் முகம் மாறியது. “பிள்ளைங்களை ஏமாத்தியிருக்கீங்க!”

“நாங்க ஏமாறல சார்” என்று முன்னால் வந்தாள் கேள்விக்குறி. “கரையான் வந்தப்பவே தெரிஞ்சுபோச்சு.”

“தெரிஞ்சுமா செஞ்சீங்க?”

“சார் நிஜமாவே செஞ்சிருந்தா அதை அப்படியே காப்பியடிச்சிருப்போம். செய்யாததாலதான் நாங்க உக்காந்து யோசிக்க வேண்டியதாப் போச்சு.”

முதல்வர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. “பெஞ்சுக்கு வேற இடம் பார்த்துக்கலாம்” என்றபடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

தலையைத் தொங்கப்போட்டு நின்ற வாத்தியாருக்கும் ஒரு நாற்காலி வந்தது. கேள்விக்குறி கீபோர்டில் விரல்களை வைத்துக்கொண்டு தயாரானாள்.

“சொல்லுங்க சார், அந்தக் காலத்துல வேற என்னவெல்லாம் செஞ்சீங்க?”