துலெகென் வீட்டுக் கிடா

"போங்கடி! போய்த் தொலைங்கடி!"

ஜிபெக் கத்திப் பார்த்தாள், குச்சியால் அடித்தும் பார்த்தாள். செம்மறிகள் பட்டி மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. புல்வெளியில் பிடித்த தீ, காற்றோடு சேர்ந்துகொண்டு ஊரைப் பார்த்து ஓடி வந்தது.

செம்மறி தானாக நகராது. முன்னால் ஒரு வெள்ளாட்டுக் கிடா நடந்தால்தான் பின்னால் போகும். அவளுடைய கிடாவைப் போன மாதம் ஓநாய் அடித்துவிட்டது.

புருஷன் தூரத்துச் சுரங்கத்தில் வேலை. பிள்ளைகள் இரண்டையும் பக்கத்து வீட்டு ரைகான் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். ஆடுகளும் போனால் இந்தக் குளிர்காலத்துக்குப் பிள்ளைகளுக்கு என்னத்தைப் போடுவது?

அந்த நேரம், புகைக்குள்ளிருந்து ஒரு கிடா தொப்பென்று பட்டிக்குள் விழுந்தது. எழுந்து உதறிக்கொண்டது. நெருப்புக்கு முதுகைக் காட்டித் திறந்த வாசல் வழியே ஓடியது. அவ்வளவுதான், செம்மறிகள் மொத்தமும் அதன் பின்னால்! ஜிபெக்கும் அழுதுகொண்டே ஓடினாள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஊரே நின்றது. பிள்ளைகள் ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டன. ஆடு ஒன்றுகூடக் குறையவில்லை.

"இது துலெகென் வீட்டுக் கிடால்ல?" என்றாள் ரைகான். "அந்தாளு ஆடு பூராவும் பட்டியோட போச்சாம்டி."

துலெகென் தண்ணீரோரம் தனியாக உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் கரி.

"யோவ், காலையிலேயே ஊத்திட்டியா? ஒரு கிடாவைப் பிடிச்சு வைக்கத் துப்பில்ல, நீயெல்லாம் ஆடு வளர்க்க வந்துட்ட!" என்று கூட்டத்தில் ஒருவன் அவரைப் பார்த்துக் கத்தினான்.

யாரோ சிரித்தார்கள்.

ஜிபெக்குக்கு மனசு கேட்கவில்லை. தயங்கித் தயங்கிக் கிட்டே போனாள்.

"சித்தப்பா, தப்பா நினைக்காதீங்க. நான் கூப்பிடல. அதுவாத்தான் எங்க பட்டிக்கு ஓடி வந்துச்சு."

"அதுவா வருமா அது?" அவர் விலாவைத் தடவிக்கொண்டார். "தன் மந்தையை விட்டு வரமாட்டேன்னு என்ன முட்டு முட்டுச்சு தெரியுமா? தூக்கிட்டு வந்து உன் வேலிக்கு மேல போடறதுக்குள்ள உசுரு போயிடுச்சு."

"அப்ப... உங்க ஆடுங்க?"

துலெகென் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஒரு பட்டிக்குத்தான் நேரம் இருந்துச்சு. நான் ஒத்தை ஆளு தாயி, எப்படியும் பொழைச்சுக்குவேன்."